என் கைக்கு மட்டும் நீலம்

அவள் கை பட்டால் ஓடும். என் கை பட்டால் நீலமாகிவிடும். எங்கள் பாடசாலைக்கு வந்த முதல் கம்பியூட்டரைப் பற்றி யார் கேட்டாலும் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்தது அந்தப் பாடசாலை. நான் அங்கே கணிதம் படிப்பித்தேன். இரண்டு மலை தள்ளி இன்னொரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் நான். அம்மா அப்போதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். புதிய நூற்றாண்டு பிறந்த கையோடு யாரோ வெளிநாட்டுப் புண்ணியவான்களின் தயவில் பாடசாலைக்கு ஒரு கம்பியூட்டர் வந்து இறங்கியது. விடுமுறை முழுவதும் அட்டன் டவுனுக்கு பஸ் ஏறிப் போய், கம்பியூட்டர் வகுப்பில் உட்கார்ந்து சர்டிபிகேட் வாங்கியிருந்தது எங்கள் ஆசிரியர்களில் நான் ஒருத்திதான். பாடசாலை அதிபர் கம்பியூட்டர் அறையின் சாவியை என்னிடம் கொடுத்தார்.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கு எழுத்துப் பழக்கியவர்கள், கணக்குச் சொல்லித் தந்தவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்து வாத்திமார்தான். நல்லவர்கள். ஆனால் ‘தோட்டத்துப் பிள்ளைகள்’ என்று அவர்கள் சொல்லும்போது அந்தச் சொல்லில் ஓர் இரக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இரக்கம் எனக்கு ஆகாது. இப்போது எங்கள் பிள்ளைகளுக்கு எங்களில் ஒருத்தியே கம்பியூட்டர் சொல்லிக் கொடுக்கிறாள் என்பதில் எனக்குத் தலைக்கனம் இருந்தது. நியாயமான தலைக்கனம் என்றே இன்றும் சொல்வேன்.

கம்பியூட்டர் பாடத்துக்கு முதல் பாடவேளையைச் சண்டை போட்டு வாங்கினேன். காலையில் பிள்ளைகள் முகம் கழுவி, புத்தி தெளிந்து வருவார்கள். கடைசிப் பாடவேளையில் பசியும் வீட்டு நினைப்பும்தான் இருக்கும். அதை எடுக்க ஒருவரும் இல்லாமல் சும்மா கிடந்தது.

அடுத்த தவணையில் அவள் வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, விஞ்ஞான ஆசிரியை. நேரில் ‘டீச்சர், வாங்க, போங்க’ என்றுதான் பேசுவேன். மனதுக்குள் அவள் இவள்தான். எழுதும்போதும் அப்படியே விடுகிறேன்.

பாடசாலைக்குப் பின்னால் ஆசிரியர்களுக்கென்று இருந்த குவாட்டஸில் நான் தனியாக இருந்தேன். அதில் பாதி அவளுக்குப் போயிற்று. சமையலறை ஒன்றுதான். அவள் புட்டு அவித்தால் பக்கத்து வீட்டுப் பூனைகூட என் சட்டியைத் திரும்பிப் பார்க்காது. என் குழம்பை ருசி பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு டீச்சர், நல்ல வாசம்” என்பாள். உண்மையாகச் சொல்கிறாளா, என்னைச் சமாதானப்படுத்துகிறாளா என்று யோசித்து யோசித்தே எனக்குச் சாப்பாடு இறங்காது.

அவளுக்கும் கொஞ்சம் கம்பியூட்டர் தெரியும் என்பது அதிபருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தபோது பழகினாளாம். சர்டிபிகேட் கிடையாது. அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அதிபர் சும்மா கிடந்த கடைசிப் பாடவேளையை அவளுக்குக் கொடுத்தார். எச்சில் இலையைத்தானே கொடுத்தார் என்று நானும் பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தேன்.

முதல் வாரமே அவள் ஒரு திருத்தம் செய்தாள். நான் கம்பியூட்டரை மூடி வைத்திருந்தது என் பழைய படுக்கை விரிப்பால்.

“இந்தத் துணிக்குள்ளால தூசி போயிடும் டீச்சர். எங்கட ஊரில றேடியோவையே பொலித்தீன் போட்டுத்தான் மூடி வைப்பம். இல்லையெண்டால் செம்மண் எல்லாம் உள்ளுக்கை போயிடும்” என்றாள்.

தேயிலை அடைக்கும் சாக்குக்குள் போடுகிற பெரிய பொலித்தீன் உறையைத் தொழிற்சாலையில் கேட்டு வாங்கி வந்தாள். தினமும் பாடசாலை விட்டதும் ஈரத்துணியால் பெட்டியை மெழுகியதுபோல் துடைத்து, உறையைத் தலைவழியாகப் போட்டு, கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போவாள். என் விரிப்பை மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள். மடிப்பு அவ்வளவு அழகாக இருந்தது. அதிபர் பார்த்துவிட்டு, “சாமானை இப்படித்தான் பாத்துக்கணும்” என்றார். நான் விரிப்பைக் கொண்டுபோய் என் துணிப்பெட்டிக்கு அடியில் திணித்தேன்.

நீலம் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மழை மாதங்கள் தொடங்கியிருந்தன. காலையில் பிள்ளைகளை உட்கார வைத்து சுவிட்சைப் போடுவேன். உறுமும், படம் வரும், நான் வாயைத் திறந்து ‘இன்றைக்கு நாங்கள்’ என்று ஆரம்பிப்பேன். பளிச்சென்று திரை முழுவதும் நீலம், அதன்மேல் வெள்ளை எழுத்துகள். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அசையாது.

“டீச்சர், நீலம் வந்துருச்சு!” என்று பிள்ளைகள் கத்துவார்கள். கவலையில் அல்ல. நீலம் வந்தால் விளையாட விடுவேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் நீலத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி தோன்றி, இங்கிலீஷில் ‘இல்லீகல்’ என்று ஏதோ சொல்லிவிட்டுப் போயிற்று. கூட நின்ற அதிபருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. நாட்டில் யுத்தம் நடந்த காலம். அடையாள அட்டையைக் காட்டாமல் பஸ்ஸில் ஏற முடியாது. அவர் போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“சட்டவிரோதமாமே டீச்சர்! என்னாத்த அமுக்குனீங்க? இத வெளியில சொல்லிறாதீங்க. ஸ்கூல் பேரு கெட்டுப்போயிரும்.”

இந்தச் சொல் மெஷின் தன்னைத்தானே திட்டிக்கொள்வது, பொலிசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளங்கப்படுத்துவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அதன் பிறகு நான் சுவிட்ச் போடும் நேரத்தில் அவர் அந்தப் பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டார்.

அதே கம்பியூட்டர், அதே நாள், கடைசிப் பாடவேளையில் அவள் போடுவாள். ஒரு முனகல் இல்லாமல் ஓடும். பிள்ளைகள் படம் வரைவார்கள், தங்கள் பெயரை விதவிதமான எழுத்தில் அடிப்பார்கள். நான் பக்கத்து வகுப்பில் கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டு அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்பேன். சோக்கட்டி என் கையில் முறியும். ஈரத்தில் நமத்துப்போன சோக்கட்டிதான், என்றாலும் நான் அழுத்திய அழுத்தமும் இருந்தது.

ஆசிரியர் அறையில் அதிபர்தான் அந்தச் சொல்லை முதலில் போட்டார்.

“சில பேருக்குக் கைராசின்னு ஒண்ணு இருக்கு. அந்த டீச்சருக்கு அது நல்லா இருக்கு.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் பக்கம் கைராசி என்பது சாதாரணப் பேச்சல்ல. நாற்று நட, கடை திறக்க, கைக்குழந்தைக்கு முதல் சோறு ஊட்ட, கைராசிக்காரர்களைத் தேடிக் கூட்டி வருவார்கள். ஒருவருக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கு இல்லை என்றுதான் அர்த்தம். இரண்டு நாளில் பிள்ளைகள் வாய்க்கும் அது வந்துவிட்டது. காலையில் நீலம் வந்ததும் ஒருத்தி எழுந்து, “டீச்சர், அந்த டீச்சரக் கூப்புட்டு ஒருக்கா தொடச் சொல்லட்டுமா?” என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்கார் என்று நான் போட்ட சத்தம் தொழிற்சாலை வரைக்கும் கேட்டிருக்கும்.

விடக்கூடாது என்று கம்பியூட்டரின் பெட்டியை மட்டும் கழற்றிக் கம்பளியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு அட்டனுக்கு பஸ் ஏறினேன். வழியில் ஏறிய ஒரு பாட்டி எட்டிப் பார்த்து, “புள்ளைக்குக் காய்ச்சலா?” என்று கேட்டார். டவுனில் ரிப்பேர் கடைக்காரர் திறந்து வைத்து, பகல் முழுவதும் ஓடவிட்டார். ஒரு தடவைகூட நீலம் வரவில்லை.

“ஒண்ணுமே இல்லீங்க டீச்சர். எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்லருந்து போட்டுத் தாறேன். வேற பிரச்சினை வராது.”

புதிதாகப் போட்டுத் தந்தார். நல்ல பிள்ளையாய் வீடு வந்தது. அடுத்த நாள் பாடசாலையில் பூட்டி முடிக்கவே கடைசிப் பாடவேளை ஆகிவிட்டது, அவளிடம் நன்றாக ஓடியது. மறுநாள் காலை என்னிடம் நீலம். கடைக்காரரிடம் சிரித்துப் பேசும், அவளிடம் சிரித்துப் பேசும், என்னைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பும். உயிரில்லாத ஒரு பெட்டியிடம் இப்படி அவமானப்படுவேன் என்று நான் நினைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அறிவித்தல் வந்தது. கம்பியூட்டர் உள்ள ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் ஒரே ஓர் ஆசிரியர் கண்டிக்குப் போய்த் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். போய் வருபவர்தான் இனிமேல் பாடசாலையின் கம்பியூட்டர் ஆசிரியர். அறையும் சாவியும் அவருக்கு. மற்றவர் பழையபடி கரும்பலகைக்கே திரும்பலாம். யாரை அனுப்புவது என்று அதிபர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு வயிறு எரிந்தது. சர்டிபிகேட் என்னுடையது, சாவி என் இடுப்பில், ஊர் என்னுடைய ஊர். கைராசி மட்டும் அவளுடையது.

அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பாடசாலைக்கு வரவில்லை. கடைசிப் பாடவேளை நடக்கவில்லை. நான் காலையில் அவிழ்த்துப் போட்ட பொலித்தீன் மேசைக்கடியில் அப்படியே கிடந்தது. திரும்ப மூட எனக்கு மனமில்லை. மறுநாள் காலையில் சுவிட்சைப் போட்டேன். ஓடியது. மணி அடிக்கும் வரை ஓடியது. பிள்ளைகள் ஏமாந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கடுத்த நாளும் ஓடியது.

முதலில் எனக்குத் தோன்றியது என்னவென்றால், இவள்தான் ஏதோ செய்கிறாள் என்பது. அவள் படுத்தால் மெஷின் எழுந்துவிடுகிறது என்றால் வேறு என்ன? பின்னேரம் எதையோ கழற்றிவிட்டுப் போகிறாள், மறுநாள் வந்து பூட்டிவிடுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அவளுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டே இதை நினைத்தேன்.

அவள் தேறி வந்த அன்றைக்கு நான் வீட்டுக்குப் போவதுபோல் போய், சுற்றி வந்து ஜன்னலோரம் நின்றேன். மூடுபனி கழுத்து வரை இருந்தது. உள்ளே அவள் எதையும் கழற்றவில்லை. ஈரத்துணியால் துடைத்தாள். பொலித்தீனைப் போட்டாள். கயிற்றை இறுக்கினாள். கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோல் மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு விளக்கை அணைத்தாள். அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

காலையில் நானே முதல் ஆளாகப் போய் உறையை அவிழ்த்தேன். கை ஈரமாயிற்று. இதற்கு முன்னும் எத்தனையோ தடவை ஈரமாகியிருக்கிறது. மேலே தகரம் ஒழுகுகிறது என்று முந்தானையில் துடைத்துவிட்டுப் போயிருக்கிறேன். அன்றைக்கு உறையை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். ஒழுக்கு வெளியில் அல்லவா இருக்க வேண்டும்? தண்ணீர் உள்பக்கம் முத்து முத்தாக நின்றது.

நின்ற இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் மலையில் மழை மாதத்தில் உப்புப் போத்தலில் உப்பு தண்ணியாகும். அரைகுறையாய்க் காய்ந்த துணியைப் பெட்டிக்குள் வைத்தால் பூசணம் பிடிக்கும். இங்கே எதையும் சூடாக, ஈரமாக மூடி வைக்கக்கூடாது என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. வெயிலும் செம்மண்ணுமான ஊரிலிருந்து வந்தவளுக்குத் தூசிதான் எதிரி. ஓடி ஓடிச் சூடான மெஷினை ஈரத்துணியால் துடைத்து, காற்றுப் புகாமல் கட்டிவிட்டுப் போகிறாள். இரவுக் குளிரில் அது உள்ளுக்குள்ளேயே வேர்க்கிறது. காலையில் அந்த ஈரத்தோடு நான் போடுகிறேன், நீலம். பகல் முழுவதும் திறந்து கிடந்து காய்கிறது, அவள் போடுகிறாள், ஓடுகிறது. கடைக்காரர் கையில் ஓடியதும் இதனால்தான். நான் சண்டை போட்டு வாங்கிய காலைப் பாடவேளைதான் என் கைராசியைக் கெடுத்திருந்தது.

சும்மா சொன்னால் போதாது என்று நினைத்தேன். சில நாள் அவள் போன பிறகு இரகசியமாய் உறையை அவிழ்த்து வைத்தேன், காலையில் ஓடியது. சில நாள் அவள் கட்டியபடியே விட்டேன், நீலம். ஒவ்வொரு நீலத்தையும் மிட்டாய்போல் ரசித்தேன். பிறகு ஒரு நாள் அதிபரையும் அவளையும் முதல் மணிக்கே அறைக்கு வரச் சொன்னேன். பிள்ளைகளும் நின்றார்கள்.

உறையை எல்லார் முன்னாலும் அவிழ்த்து, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அதிபர் விரலால் தொட்டுப் பார்த்தார். சுவிட்சைப் போட்டேன். பளிச்சென்று வந்தது. அந்த நீலத்தைப் பார்த்து அவ்வளவு மனம் நிறையச் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

“தெனமும் பின்னேரம் இது ஈரத்தோட மூடப்படுது சேர். அதான் காலையில வேலை செய்யல. கையில ஒண்ணும் இல்ல” என்றேன். ‘கையில’ என்ற சொல்லை நன்றாக அழுத்திச் சொன்னேன்.

அவள் முகம் சுருங்கும், ஏதாவது சாக்குச் சொல்வாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவளோ தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

“ஐயோ, என்ர பிழைதான்! இவ்வளவு காலமும் டீச்சருக்கு நான்தான் கரைச்சல் குடுத்திருக்கிறன். எங்கட ஊர் எண்ட நினைப்பிலயே செய்துபோட்டன் சேர். டீச்சர் கண்டுபிடிச்சிருக்காட்டி இந்தச் சாமான் செத்திருக்கும்.”

பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு என்று நினைத்துத் திரும்பினேன். எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பிழைய ஒத்துக்கிறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும், பாத்தீங்களா?” என்றார் அதிபர்.

இப்போது நினைத்தாலும் எரிகிறது. பிழை செய்தவள் அவள், கண்டுபிடித்தவள் நான், பெரிய மனசுப் பட்டம் அவளுக்கு. அதோடு விட்டதா? என் பழைய விரிப்பு திரும்ப வந்தது, காலையிலும் மெஷின் ஓடத் தொடங்கியது. பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்: “அந்த டீச்சர் மூடாம விட்டாங்கல்ல, அதான் நல்லாயிருச்சு.”

என்றாலும் அந்த வெள்ளிக்கிழமை அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

“கண்டிக்கு ஒங்க பேரத்தான் அனுப்பியிருக்கேன் டீச்சர். உடுப்பு எல்லாம் ரெடி பண்ணிக்குங்க.”

ஈரம் சொட்டிய அந்தப் பொலித்தீன் உறைதான் எனக்கு வழிவிட்டிருக்கிறது என்று நினைத்தேன். குவாட்டஸுக்கு நடக்கவில்லை, ஓடினேன். எனக்குப் பயிற்சிக்குப் போகும் சந்தோஷம் பாதிதான். மீதிப் பாதி, இதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்கும் ஆசை.

அவள் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் செய்தியைச் சொன்னேன். பிறகு குரலில் கொஞ்சம் சர்க்கரை போட்டு, “ஒங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும் டீச்சர். குறையா நெனச்சிக்கிறாதீங்க” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உண்மையாகவே விளங்காத பார்வை.

“எனக்கோ? ஏன்?”

“இல்ல... ஒங்கள அனுப்பலன்னு.”

“என்னைத்தான் சேர் முதல் கேட்டவர். அந்த அறிவித்தல் வந்த அண்டைக்கே. நான் அப்பவே ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். உங்கட பேரை அனுப்பச் சொன்னதும் நான்தான். உங்களிட்டச் சொல்லேல்லையே அவர்?”

அவள் துருவிய தேங்காயை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டே பேசினாள்.

“எனக்கு அந்தப் பெட்டியில விருப்பமே இல்லை டீச்சர். கடைசிப் பாடத்துக்கு ஒருதரும் இல்லை, பிள்ளையள் சும்மா நிக்குதுகள் எண்டு சேர் கேட்டபடியாத்தான் எடுத்தனான். எப்ப யாரும் வந்து வாங்குவினம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். நீங்கள் கண்டிக்குப் போனவுடன காலைப் பாடத்தையும் என்ர தலையில கட்டப் போறார். கெதியாப் படிச்சு முடிச்சிட்டு வந்திடுங்கோ, என்ன?”

அவள் குரலில் பொய் இல்லை. சத்தியமாக அலுத்துக்கொண்டாள். நான் இவ்வளவு காலம் உள்ளுக்குள் வெந்து வெந்து ஓடிய ஓட்டத்தில் பக்கத்தில் யாருமே ஓடியிருக்கவில்லை. நான் ஜன்னலோரம் குளிரில் நின்றதும், இரகசியமாய் உறை அவிழ்த்ததும், எல்லாரையும் கூட்டி நாடகம் போட்டதும், அவள் வேண்டாம் என்று ஏற்கெனவே தள்ளிவிட்ட ஒன்றுக்காக. விருப்பமே இல்லாமல் செய்த வேலையில்தான் பிள்ளைகள் அவளிடம் அப்படிச் சிரித்திருக்கிறார்கள்.

அவளுக்குக் கொஞ்சமாவது எரிந்திருந்தால் அது எனக்கு வெற்றியாக இருந்திருக்கும். அவள் தேங்காய்ப்பூவை மாவில் கலந்துவிட்டு, கண்டியில் குளிர் குறைவு, கம்பளி ஒன்று போதும் என்று எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பொறாமைப்பட்டதுபோல் நான் யார்மேலும் எப்போதும் பொறாமைப்பட்டதில்லை.